தண்ணி மாத்திரை

பட்டர்வொர்த்தில் ஏறும்போது 'பிரில்',
பாதிக் கடலில் 'ஓலோல்',
ஜெட்டி கண்ணில் படும்போது 'ஸ்டேட்டின்'.
ஃபெர்ரி ஒருதரம் குலுங்க
அட்டைகள் மடியிலிருந்து சரிகின்றன.

ஓங், தான், கூய் என்று
சீனருக்குக் குடும்பப் பெயர் முன்னால்.
மருந்துக்கு வாலில்.
எனாலப்ரில், பெரிண்டோப்ரில்: ஒரே வீட்டுப் பிள்ளைகள்,
போன இடத்தில்
வறட்டு இருமலை மறந்து வைத்துவிட்டு வருவார்கள்.
பிசோப்ரோலோலை உள்ளே விடுமுன்
நாடியை எண்ணு. அறுபதுக்குக் கீழா?
வாசலில் நிறுத்து, டாக்டரைக் கூப்பிடு.

ஃப்ருசமைடுக்கு மட்டும் வால் பிடிபடவில்லை.
"தண்ணி மாத்திரைடி" என்றாள் அசிக்கின்,
எங்களோடு பழகிய தமிழில்.
"காலையில கொடு. ராத்திரி கொடுத்தா
அவரும் தூங்கமாட்டார், நீயும் தூங்கமாட்டே."
பரீட்சையில் அப்படியே எழுதினேன்:
காலை.
இரண்டு மதிப்பெண்.

பதினாறாம் கட்டில், சன்னாசி, ஐம்பத்து நான்கு.
இந்த வருஷத்தில் மூன்றாவது முறை.
கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி.
அது நிரம்பும்வரை மனசுக்குள் எண்ணுகிறேன்.
கோப்பில் யாரோ சிவப்பு மையில்:
மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

உப்பைக் குறைங்க, தினமும் எடை பாருங்க,
காலையில ஒண்ணு.
தலையாட்டினார்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
நான் சொன்னதை நீங்க ஒருதரம் சொல்லுங்களேன் என்றேன்.
சொன்னார். ஒரு சொல் பிசகாமல்.
என்னைவிட நன்றாக.

"ஆனா மிஸ்ஸி,
அஞ்சரைக்கு பஸ்ஸ எடுக்கணும்.
பாலேக் பூலாவ் மலை வளைவுல
பின்னால நாப்பது பேரு.
நான் எங்க நிறுத்தட்டும்?"

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெறும் வெள்ளை.

ஷிப்ட் எப்போ முடியும்?
ரெண்டு.
வீடு போய்ச் சேர?
ரெண்டரை. மழைன்னா மூணு.
வீட்டுல தண்டாஸ் பக்கத்துலயா?
சிரித்தார். இதுவரை இதை
யாரும் அவரிடம் கேட்டதில்லை போலும்.

டாக்டரிடம் ஓடினேன், மருந்தகத்துக்குப் போன் போட்டேன்.
மூன்று மணிக்குச் சாப்பிடலாம்,
லீவு நாளிலும் அதே மூன்று.
மாத்திரைப் பையில் கடிகாரம் ஒன்று வரைந்தேன்.
பக்கத்தில் ஒரு பஸ்.
பின்சக்கரம் பூசணிக்காய் அளவுக்குப் போய்விட்டது.

"இதையா நான் ஓட்டுறேன்?" என்று
விழுந்து விழுந்து சிரித்தார்.
சிரிப்பு இருமலானது,
சளியில்லாத, மண்ணைச் சுரண்டுகிற இருமல்.

எத்தனை நாளா இது?

"அது கெடக்கு மிஸ்ஸி. பஸ் புகை."

பையை வைத்துவிட்டு
மருந்துச் சீட்டை எடுத்தேன்.
மேலிருந்து மூன்றாவது வரி.
வாலை மட்டும் படித்தேன்.