மேல், கீழ்

பஹாவ் செம்பனை ஆலையில்
கொதிகலன் பூட்ட வந்தவர்கள் இரண்டு பேர்.
தண்ணீரை ஹென்னிங் வாட்டர் என்கிறான்,
ஆங்கிலமில்லையாம், அவன் வீட்டுப் பேச்சாம்.
ஆலோய்ஸுக்கு அது வொஸ்ஸா.

டோக்கன் அட்டையின் பின்புறம்
நாட்டை வரைந்து
குறுக்கே கோடு கிழித்தான் ஹென்னிங்:
வடக்கே ட, தெற்கே ஸ.
படத்தில் மேலே இருப்பது கீழ் ஜெர்மன்,
கீழே இருப்பது மேல் ஜெர்மன்.

ஸ்டோர் கிராணி நான், சிரித்துவிட்டேன்.
வடக்கு சமவெளி, தெற்கு மலை;
நிலத்தின் உயரந்தான்,
ஆளின் உயரமில்லை என்றான் ஆலோய்ஸ்.

நாங்கள் இருந்த தோட்டத்தில்
மேல் லயமும் கீழ் லயமும்
ஒரே மட்டம்.
அடைமழையில் ஒன்றாகத்தான் முழுகும்.
பைப்பு மட்டும் இரண்டு.

சொல்லவில்லை.
வால்வு எத்தனை இஞ்ச் என்று கேட்டு
எழுதிக்கொண்டேன்.