கம்பம் எண்

ஆறு மாதத்துக்கு இரண்டே பொருள்.
அதற்குமேல் எடுத்தால் ஒன்றும் கரையேறாது என்று
போன ஆய்வுக் குழு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறது.
அவர்கள் எடுத்தது ஒன்பது.

ஐந்து உறுப்பினர், ஒரு மின்விசிறி,
நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள்.
மேலே ஓர் ஆற்றுக்கல்,
தலைவர் ஞானதிரவியம் கொண்டுவந்தது.
ஆனிச் சாரல் காற்று முக்கூடலில்
எந்தக் காகிதத்துக்கும் மரியாதை தருவதில்லை.

தீர்மானப் புத்தகம் எழுதுகிறவன் நான்.
பேசியதைப் பேசியபடி எழுதக்கூடாது,
இருபது வருடத்தில் நான் கற்ற ஒரே வித்தை.

மேலிடத்திலிருந்து ஒரு மதிப்பெண் தாள்:
எத்தனை பேருக்குப் பாதிப்பு?
நாம் பார்த்தால் மாறுமா?
வேறு யாராவது ஏற்கெனவே பார்க்கிறார்களா?
மனு எத்தனை வந்திருக்கிறது?

ஆற்றில் விழும் சாக்கடை என்றார் சிவகடாட்சம்.
'அது மாசு வாரியம்லா' என்றார் தலைவர்.
நம் எல்லைக்குள் வராதவை பதினாறு
கல்லுக்கு அந்தப் பக்கம் போயின.
ஆறு நம் ஊரில்தான் ஓடுகிறது,
நம் அதிகாரத்தில் ஓடவில்லை.

சந்தை வாறுகால், முப்பத்தொரு மனு.
அதில் சண்டையில்லை.
சமுதாயக் கூட வாடகை, மனு ஒன்றே ஒன்று.
ஆனால் குத்தகை எடுத்தவன்
பிரம்மநாயகத்தை எதிர்த்து நின்றவனின் மச்சான்.
எல்லாக் கட்டத்திலும் ஐந்துக்கு ஐந்து
போட்டுக் கொடுத்துவிட்டுக் காப்பியை ஆற்றினார்.

மைதீன் பாத்து அதுவரை பேசவில்லை.
'பீடிக்கடைப் பின்தெருவுல வௌக்கு எரியல.
ஏழு மணிக்குச் சொளவும் கையுமா
பொம்பளைய தடவித் தடவி வாராவ.'

நான் பதிவேட்டைப் புரட்டினேன்.
அந்தத் தெரு: விளக்கு பதினாலு, எரிவது பதினாலு,
மனு இல்லை.

'மனு வரலையா, வந்தத வாங்கலையா?'

விசிறிச் சத்தம் அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது.

படிவத்தில் நாலாவது கட்டம் கம்பம் எண்.
எண் எழுத வந்தவனுக்குப் பெயின்ட்
அந்தத் தெருமுனையில் தீர்ந்துபோனது.
அப்புறம் டப்பா வரவில்லை.
'நம்பர் எழுதிட்டு வாங்கம்மா' என்று
சன்னல் வழியே திருப்பிக் கொடுத்த கை
இப்போது பேனா பிடித்திருக்கிற இதே கை.
எத்தனை பேரைத் திருப்பினேன் என்று
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

'சரி, வௌக்கு வேண்டாம்' என்றாள்.
'எந்தெந்தத் தெருவுல இருந்து மனுவே வரலன்னு
அதப் பாப்போம். அத எடுங்க ஒரு பொருளா.'

'அத எந்தத் தலைப்புல போட?
சுகாதாரமா, பொறியியலா, வருவாயா?'
தலைவர் கேட்டது கேலிக்கு இல்லை,
அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

கை தூக்கினார்கள். மூன்றுக்கு இரண்டு.
சிவகடாட்சம் கூடத் தூக்கினார்
பாத்துவோடு, முழங்கை மடங்கியபடி.

எழுதினேன்:
ஒன்று, சந்தை வாறுகால்.
இரண்டு, சமுதாயக் கூட வாடகை.
மூன்று, மனு வராத தெருக்கள், நேரமிருந்தால்.
நேரமிருந்தால் என்பதை நான் இதற்கு முன்பும்
எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன்.
அந்த நேரம் வந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன்,
வழக்கமாகப் போகாத வழி.
ஒவ்வொரு கம்பமாய்த் தொட்டுப் பார்த்து
ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு.
பதினொன்றோடு தெரு முடிந்துவிட்டது.
அதற்கப்பால் வாழைத்தோட்டம், இருட்டு, தவளை.

திரும்பி வந்து மறுபடி எண்ணினேன்.
பதினொன்று.
வருடா வருடம் மார்ச் மாதம்
பதினாலு என்று நகலெடுத்தது என் கையெழுத்து.
இல்லாத மூன்று கம்பத்திலும்
விளக்கு எரிந்துகொண்டிருந்தது, என் பேனாவில்.

செல்போன் வெளிச்சங்கள் நாலைந்து
தரையைப் பார்த்தபடி வந்தன.
ஒன்று மட்டும் நிமிர்ந்து என் முகத்தில் அடித்தது.

'யாருய்யா அது, கம்பத்தைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு?
என்ன செய்யுதீரு?'

எண்ணுதேன் என்றேன்.