இரண்டு விரல்

தளி ஏரிக்கரை. மார்கழி.
விடிகாலை நாலரைக்குத்தான்
ரோஜாக் கட்டு ஏற்றக் கேட் திறப்பார்கள்.
அதுவரை வேன்தான் வீடு.

அஞ்சு கிலோ சிலிண்டர், அதன் தலையில் ஹீட்டர்.
ஓசூரில் வாங்கிய அன்றே
இணைப்பில் சோப்பு நுரை தடவினான் திம்மராயன்.
குமிழ் வரவில்லை.
"அவ்ளோதான்" என்றான்.

கண்ணாடியை இரண்டு விரல் இறக்குவேன்.
அவன் ஏற்றுவான்.
நான் இறக்குவேன்.
"காசு குடுத்து வாங்கின சூடு
ஏரிக்குப் போகுது பாரு."
போகட்டும்.
ஏரிக்கும் குளிருமில்ல?

போன வாரம் பேரிகை ரோட்டில்
லாரி கேபினுக்குள் கரிச்சட்டி வைத்துத் தூங்கிய
கிளீனர் பையனை அறைந்து அறைந்து எழுப்பினார்கள்.
தன் பேர் கேட்டால்
இன்னும் யோசிக்கிறானாம்.

நேற்று நடுராத்திரி
நெற்றிப்பொட்டில் யாரோ உரல் இடித்தார்கள்.
விழித்தால்
சுடர் மஞ்சள்.
கண்ணாடி இடுக்கில் அவன் துண்டு,
ஒழுங்காய் மடித்துச் செருகியிருந்தது.

திருகை மூடினேன். கதவை உதைத்தேன்.
அக்குளில் கை கொடுத்து இழுத்துப்போய்
பனிப்புல்லில் கிடத்தினேன்.
இருமினான்.
"என் பேர் சொல்லு."
பேசாமல் கிடந்தான்.
"சொல்லுய்யா!"
"கெம்பம்மா... சனியனே, குளுருது."

இப்போது
படுக்குமுன் அரைமணி நேரம் மட்டும் சூடு.
பிறகு அணைத்து
சிலிண்டரை வெளியே இறக்கிவிடுவோம்.
இரண்டு கம்பளி, ஒரே முடிச்சாய் நாங்கள்.
அந்தத் துண்டு என் கழுத்தில்.

இன்றைக்குக் கண்ணாடியை இறக்கியது அவன்.
இரண்டு விரல் வைத்து அளந்தான்.
அவன் விரல் தடிமன்.
குளிர்கிறது.