மூன்றாம் மெழுகுவத்தி

எங்கள் கம்பெனியில் கிறிஸ்துமஸ்
ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது.
சிவப்புக் குல்லாய்த் தாத்தா நெஞ்சில் சிரிக்கும்
பதினெட்டாயிரம் பனியன்கள்
மடித்து, பெட்டி கட்டி,
தூத்துக்குடிக்கு லாரி ஏறிப் போயின.
டிசம்பரில் நாங்கள் தைப்பது
எங்கோ இருக்கும் யாருடைய கோடைக்கோ.

அதனால் எனக்குக் கொஞ்சம் புரிகிறது
வந்துவிட்டவருக்காக
இன்னும் காத்திருப்பது.

கோயிலில் இப்போது ஊதா.
நொய்யல் ஒரு காலத்தில்
வருசம் பூராவும் ஊதாவாய் ஓடியது.
யாரும் மனம் திரும்பவில்லை.

என் வேலை செக்கிங்.
அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசை.
துணியை விரித்தால் போதும்,
ஊசி தாவிய இடம், எண்ணெய்த் துளி,
குண்டூசி முனையளவு ஓட்டை
தானாகக் காட்டிக்கொடுக்கும்.
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவேன்.
அடுத்தது.

ஷிப்மெண்ட் அவசரத்தில் ஒரு ராத்திரி
என் கத்தரி பட்டுக் கிழிந்தன பதினோரு பனியன்கள்.
அம்பு ஒட்டி
துளசிமணியின் கட்டில் சொருகினேன்.
"தையல்லதானுங்க போயிருக்கும்" என்று
அவளே ஒத்துக்கொண்டாள்.
மூன்று நாள் கூலி பிடித்தார்கள்.
தீபாவளிக்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை.

இன்று மூன்றாம் ஞாயிறு.
மூன்றாவது மட்டும் ரோஜா நிறம், சந்தோசத்துக்காம்.
ஃபாதர் பற்றவைத்தார்.
வனாந்தரத்தில் நின்று
பாதையை நேராக்கச் சொல்லிக் கத்தியவரைப் பற்றிப் பேசினார்.
நான் எரியாத நான்காவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது கண்ணாடி மேசை மாதிரி
அடியிலிருந்து என்னை வெளிச்சம் போட்டது.

அவர் வருகிற வழி
அவிநாசி ரோடு போல அகலமாக இருக்கும்
என்றே இத்தனை வருசம் நினைத்திருந்தேன்.
அது ஓர் இட்டேரி.
இருபுறமும் கிளுவை வேலி,
நடுவில் வண்டித் தடம்,
மழைத் தண்ணீர் தேங்கிய குழி.
பகலில் கூட ஆள் நடமாட்டம் குறைவு.

பூசைப் புத்தகத்துக்குள்
ஆயிரத்து நானூறு ரூபாய் வைத்திருக்கிறேன்.
சொல்ல வேண்டிய வாக்கியத்தை
பஸ்ஸில் நாலு தரம் தைத்துப் பிரித்தேன்.
கோணலாகவே வருகிறது.

கரண்ட் இல்லை.
அவள் வீட்டு நாய் குரைத்து ஓய்ந்துவிட்டது.
கதவைத் தட்டுகிறேன்.
இத்தனை நாள் தட்டிக்கொண்டிருந்தவர்
எனக்கு முன்பே இங்கு வந்து
வாசலில் நிற்கிறாரோ என்னவோ.

"ஆரது?"

பெயரைச் சொல்கிறேன்.
பதில் இல்லை.
உள்ளே தீப்பெட்டி குலுங்குகிறது.
உரசல்.
முதல் குச்சி
நமுத்திருக்கும் போல.