தேதி எழுதிய பால்

மணி மூன்றரை. வண்ணாரப்பாளையம் தூங்குகிறது.
நானும் மோட்டாரும் மட்டும்.

உற்றுக் கேட்டால் பம்பு பேசும்.
நேற்று முழுக்க "ஓட்டி, ஓட்டி" என்று
பழைய டவுனுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.
இன்று "போதும்மா, போதும்மா."
நான் நம்பவில்லை.
இடது முலையில் இன்னும் கல்லாய்க் கட்டியிருக்கிறது.

ஆதிரைக்கு அண்ணத்தில் ஒரு பிளவு.
வெளியே தெரியாது. சிரிக்கும்போதுகூடத் தெரியாது.
கூரை பிரிந்த வாய், காற்றை இழுத்துப் பிடிக்காது.
முதல் நாள் மார்பில் கிடத்தினேன்.
இழுத்தாள், இழுத்தாள்,
ஒன்றும் வராமல் என் முகத்தைப் பார்த்தாள்.
மெத்தென்ற புட்டி ஒன்றைக் கையில் திணித்து
ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னார்:
"அவ உறிஞ்ச மாட்டா. நீதான் அமுக்கணும்.
தொண்டையைப் பாரு. முழுங்குனதும் அமுக்கு."

அதனால் ஒரே பாலை இரண்டு தடவை கொடுக்கிறேன்.
முதலில் இயந்திரத்துக்கு.
அப்புறம் அவளுக்கு.
நடுவில் கழுவுகிறேன்: வால்வு, புனல், மூடி,
எங்கே அந்த இன்னொரு வால்வு,
சிங்க்கில் விழுந்துவிட்டதா, கடவுளே,
இல்லை, நைட்டிப் பையில்.

தடுப்பூசி போடுகிற இடத்தில்
தாளில் இரண்டு கட்டம்.
தாய்ப்பால். புட்டிப்பால்.
"ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா, பின்னாடி ஆள் நிக்குது."
இரண்டிலும் போடச் சொன்னேன்.
அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டு
நான் பொய் சொல்கிற இடத்தை
என் புடவையில் தேடினாள்.

கார்த்திகைக் கடைசியில் புயல்.
இரண்டாம் நாளும் கரண்ட் இல்லை.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் கையால் கறந்தேன்,
டம்ளரின் அடியில் மழை மாதிரியே சத்தம்.
ஃப்ரீசரில் முப்பத்தொரு பை,
ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் தேதியும் மில்லியும்.
ஓரங்கள் வியர்க்கத் தொடங்கின.
அவர் நெய்வேலியில் ஷிப்டோடு மாட்டிக்கொண்டார்.
பிள்ளையை ஜெயகாந்தியிடம் விட்டுவிட்டு
முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு
துறைமுகத்து ஐஸ் கம்பெனிக்குப் போனேன்.
வழியில் மார்பு நிறைந்து ரவிக்கை நனைந்தது.
மழையில் யாருக்குத் தெரியும்.

"என்னம்மா, இறாலா?"
"பாலுங்க."
"ஆவினா?"
"என்னோடது."

தேசிங்கு கொஞ்ச நேரம்
கையிலிருந்த ஐஸ் கொக்கியையே பார்த்தார்.
பிறகு புதுத் தெர்மாகோல் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டி,
துண்டால் துடைத்து,
கட்டியை உடைத்து அடுக்கினார், பை கிழியாமல்.
"பேரு?"
என் பெயரைச் சொல்ல வாயெடுத்தவள்
ஆதிரை என்றேன்.
நோட்டில்,
கடல்ராணி, வஞ்சிரம், நாலு பெட்டி என்ற வரிக்குக் கீழே
ஆதிரை, பால், ஒரு பெட்டி.
ஐஸுக்கு நாற்பது ரூபாயும் எழுதிக்கொண்டார்.
தள்ளுபடி கிடையாது.
அதில் எனக்கு ஏனோ சந்தோஷம்.

நாலாம் நாள் வாங்கி வந்தேன்.
பைகளின் வெளியே லேசாக மத்தி வாசம்.
மூன்று தரம் கழுவியும் விரலில் இருந்தது.

இப்போது ஒவ்வொன்றாக இளக்குகிறேன்.
நவம்பர் ஒன்பது, எனக்குக் காய்ச்சல், ஐம்பது மில்லி.
நவம்பர் பதினாறு, அவரோடு சண்டை,
அழுதுகொண்டே எழுதிய ஆறு.
பதினேழு, நான் தூங்கிய ஒரே இரவு, நூற்றிருபது.
என் போன மாதத்தை
ஆதிரை இந்த மாதம் குடிக்கிறாள்,
நான் ஆறிப்போன சண்டையில்
அவள் கன்னம் வைக்கிறது.

ஒரு பையில் மட்டும் மை கரைந்துவிட்டது.
எந்த நாள், எந்த நான், தெரியவில்லை.
வெந்நீரில் வைத்தேன். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன்.
அவள் தொண்டையைப் பார்த்து அமுக்கினேன்.
முழுங்கினாள்.
அமுக்கினேன்.