வெற்று வரி

கெமியார்வி. சாலைத்துறைக் கொட்டகை.
இரவு மூன்று பத்து, காற்றில் மைனஸ் ஐந்து.
பனி தள்ளப் போன பன்னிரண்டு வண்டிகளிலும்
நான் எழுதிய சி நிரல் ஓடுகிறது,
ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றிலிருந்துதான் தைஸ்தோ கூப்பிடுகிறார்:
"உன் பெட்டி 'காத்திருக்கவும்' என்கிறது, வுவோக்கோ.
காத்திருந்தேன்.
இன்னும் அதையேதான் சொல்கிறது."

அந்தப் பெட்டிக்குள் பெரிய நூலகம் எதுவும் நுழையாது.
அறுபத்து நாலு கிலோபைட்டில் குடித்தனம்.
ஆகவே அடிமட்டத்திலிருந்து நானே கட்டினேன்:
சாக்கெட்டைத் திற. இணை.
அனுப்பு; எவ்வளவு போனதென்று பார்,
போகாத மிச்சத்தை மறுபடி அனுப்பு.
வாங்கு; வருவது துண்டு துண்டாகத்தான் வரும், கோபப்படாதே.
மூடு.
கேட்டு வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடு.

இந்த ஆழத்தில் உனக்காக யாரும் எதையும் செய்துவைப்பதில்லை.
வரி முடிந்தால் முடிந்ததென்று நீதான் சொல்ல வேண்டும்,
தட்டச்சு எந்திரக் காலத்துப் பாஷையில்:
வண்டியைத் திருப்பு, ஒரு வரி இறங்கு.
கேள்வியே முடிந்துவிட்டதென்றால்
எழுத்தில்லாத ஒரு வரி.
அது வந்து சேரும்வரை மறுமுனை வாய் திறக்காது.
பாதிப் பேச்சில் குறுக்கிடாத
மரியாதை தெரிந்த எந்திரம்.

"எந்தச் சாலை?" என்றேன்.
"ஹிர்வஸ்வாரன்பெராயாங்கா," என்றார் ஒரே மூச்சில்.

சிரித்தேன்.
பிறகு பென்சிலைத் தேடினேன்.

அந்தப் பெயரில்
தலைக்கு மேல் இரு புள்ளி வைத்த எழுத்து மூன்று.
கம்பியேறும்போது ஒவ்வொன்றும் ஆறாக வீங்கும்.
இருநூற்று ஐம்பத்தாறு பைட் ஒதுக்கியிருந்தேன்,
தாராளம் என்று நினைத்து.
வந்து நின்றது இருநூற்று ஐம்பத்தெட்டு.
வால் அறுந்தது.
அறுந்த வால் இரண்டே பைட்:
அந்த வெற்று வரி.

நிரல் என்னிடம் மறைக்கவில்லை.
வெட்டிய கையோடு
'இவ்வளவு இடம் வேண்டியிருந்தது' என்று
ஓர் எண்ணைத் திருப்பித் தந்திருக்கிறது.
அதை ஏந்த ஒரு மாறிகூட
நான் எழுதியிருக்கவில்லை.

அங்கே சர்வர்,
இன்னும் ஏதோ சொல்ல வருகிறார்கள் என்று.
இங்கே பெட்டி,
யோசித்துப் பதில் சொல்வார்கள் என்று.
முப்பது விநாடி.
அறுந்து, மறுபடி முதலிலிருந்து
அதே கேள்வி, அதே முடியாத கேள்வி.

"தரை எவ்வளவு குளிர்ந்திருக்கிறதென்று தெரியாமல்
உப்பா மணலா, எப்படி முடிவு செய்தீர்கள்?"
"இறங்கினேன். கையுறையைக் கழற்றி
உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மணல் என்றது.
கை தப்பாகவும் சொல்லியிருக்கலாம்.
எனக்கு நேற்றிலிருந்து காய்ச்சல்."

முதலில் அள, பிறகு இடம் கேள்.
நான்கு வரி மாற்றினேன்.
அந்த எண்ணுக்கு ஒரு மாறி; பெயர் 'தர்வே', தேவை.
திருத்தமும் அதே வழியாகத்தான் போக வேண்டும்,
அதே திற, அதே இணை, அதே அனுப்பு.
நல்லவேளை,
திருத்தத்தின் பெயர் சின்னது.

"மைனஸ் ஒன்பது என்கிறது," என்றார்.
"மணல்," என்றேன்.
"மணல்."

அதன்பின் இருவரும் பேசவில்லை.
அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று நான்.
நான் ஏதோ கேட்கப்போகிறேன் என்று அவர், ஒருவேளை.
தகடு தார்ச்சாலையைச் சுரண்டுவது கேட்டது.
சாலை தீர்ந்த இடத்தில் சத்தம் நின்று
வண்டி மெல்லத் திரும்புவது கேட்டது.

"நோ நீன்," என்றார் தைஸ்தோ.
எங்கள் ஊரில் அதற்குப் பொருள் ஒன்றுமில்லை.
அதைச் சொல்லாமல் யாரும் போனை வைப்பதுமில்லை.

வடக்கே இதைவிட நீளமான பெயர்கள் உண்டு.
வரைபடத்தை விரித்து
புள்ளிகளை எண்ணத் தொடங்கினேன்.