சரியெடை

லீத் துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி
மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
கருவிப்பெட்டியை மூன்று இடத்தில் இறக்கிவைத்து ஏறினேன்.

கதவைத் திறந்த எல்ஸ்பெத் லெய்ட்லா
உட்காரக்கூடச் சொல்லவில்லை.
"ஜன்னல் அங்கே. பதினொரு வருஷமாச்சு,
நானும் அதுவும் பேசிக்கிறதில்லை."

பெயின்ட் மேல் பெயின்ட்.
வெள்ளை, பாலாடை, ஆஸ்பத்திரிப் பச்சை,
மறுபடி வெள்ளை.
கத்தியை இடுக்கில் நுழைத்து நாலு பக்கமும் ஓட்டினேன்.
பொருக்குத் தட்டிய புண் மாதிரி
விருப்பமில்லாமல் விட்டுக்கொடுத்தது.

ஏற்றி இறக்கும் ஜன்னலின் சூட்சுமம்
ஜன்னலில் இல்லை.
சட்டம் மேலே போனால்
பக்கத்துப் பெட்டியின் இருட்டுக்குள்
இரும்பு ஒன்று கீழே போக வேண்டும்.
கயிறு அறுந்தால் விழுவது இரும்பு,
பழி ஜன்னலுக்கு.

இடப்பக்கம் சின்ன மரக்கதவை நெம்பினேன்.
துருவேறிய இரும்புருளை,
தலையில் பத்து என்ற எண்.
வலப்பக்கம் கைவிட்டால்
கம்பளி.

ஒற்றைக் காலுறை.
நீலம், குதிகாலில் மட்டும் சிவப்பு நூலால் தைத்தது.
உள்ளே கடல்தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகள்
கழுத்துவரை.
மீன்பிடிக்கிறவன் போடும் முடிச்சு.

"என்னுடையது இல்லை" என்றாள் எல்ஸ்பெத்,
நான் கேட்காமலே.

தராசில் தொங்கவிட்டேன்.
பத்து பவுண்டு.
அரைக்குண்டு கூடவுமில்லை, குறையவுமில்லை.
யாரோ ஒருத்தன் ஒரு சாயங்காலம் முழுக்க
ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டுப்
பார்த்திருக்கிறான்.

கண்ணாடியில்தான் தப்புப் பண்ணினேன்.
பழைய புட்டி கல்லாய் இறுகியிருந்தது.
விளக்குச் சூட்டில் இளகட்டும் என்று
இன்னும் ஐந்து நிமிடம் காத்திருக்கலாம்.
பசி.
நகம் முறிகிற சத்தம்தான் கேட்டது.
மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு.

அலையலையான கண்ணாடி அது,
உள்ளே சோற்றுப்பருக்கை அளவு குமிழி ஒன்று.
அவள் வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.
"அது வழியா எதிர்வீட்டு மக்லீஷ்
ஒல்லியாத் தெரிவான்.
இனி உள்ளது உள்ளபடி பார்க்கணுமா?"

புதுக் கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிமன்.
ஒரு மில்லிமீட்டருக்கும் எடை உண்டு:
பக்கத்துக்கு முந்நூறு கிராம்.
என் ஐந்து நிமிடத்தின் எடை.

இடப்பக்க இரும்புக்கு ஈயத்தகடு சுற்றினேன்.
காலுறைக்கு?
துறைமுகத்துத் தூண்டில் கடை வரை நடந்தேன்.
நூற்றைம்பது கிராமில் இரண்டு.
"எந்த மீனுக்கு?" என்றான் கடைக்காரப் பையன்.
ஜன்னலுக்கு என்றேன்.
சில்லறையை எண்ணாமல் கொடுத்தான்.

முடிச்சை அவிழ்க்கத்தான் நேரமானது.
திரும்பப் போட எனக்கு வரவில்லை;
என் முடிச்சைப் போட்டேன். மொத்தையாக இருந்தது.
இருட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்
என்று நினைத்தேன்.
பிறகு அவிழ்த்து ஒழுங்காகப் போட்டேன்.

மேற்சட்டத்துக்கு எடை ஒரு பிடி கூட,
கீழ்ச்சட்டத்துக்கு ஒரு பிடி குறைய:
அப்போதுதான் அது மேலேயும் இது கீழேயும் தங்கும்.
சரிசமமாக வைத்த ஜன்னல்
எங்கே நிற்பதென்று தெரியாமல் நடுவில் நிற்கும்.

பில்லில் எழுதினேன்:
கயிறு, புட்டி, ஆளிவிதை எண்ணெய்.
கண்ணாடி என் கணக்கு.
ஈயத்தை எழுதவில்லை.

எல்ஸ்பெத் ஒரு விரலை வைத்தாள்.
சட்டம் ஏறியது.
சுவருக்குள் கம்பளி உரசி இறங்குவது
எனக்கு மட்டும் கேட்டது.

உப்புக்காற்று. கடற்காகங்களின் சண்டை.
எதிரே மக்லீஷ், சட்டை இல்லாமல்,
கெண்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு.

"ஐயோ, எப்படிப் பெருத்துட்டான்" என்றாள்.
மூடவில்லை.